என்ஜின் இல்லாத வண்டி

அத்தியாயம் 7

ஷட்டர் விழுந்த சத்தம் கேட்டு இசைப்பிரியா தலையைத் தூக்கினாள். தூக்கியிருக்கக் கூடாது. மேலே நின்ற பிக்கப்பின் அடி இரும்பு நெற்றியில் 'ணங்' என்று இடித்தது.

வெளியே பூட்டு மாட்டினார்கள். சாவி திரும்பியது. செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

"யார் ஷட்டரைப் போட்டது?"

"யாரும் போடல மேடம். அதுவா விழுந்து அதுவா பூட்டிக்கிச்சு. நல்லா வளர்த்த ஷட்டர்," என்றான் ஜாகிர்.

அவள் நின்றிருந்தது, வண்டிக்கு அடியில் வேலை பார்க்கத் தரையில் வெட்டிய ஆளுயரப் பள்ளத்தில். தலைக்கு மேல் வண்டி, அதற்கு மேல் தகரக் கூரை. அக்டோபர் மாதத்துப் பன்னிரண்டே முக்கால் மணி வெயில் கூரையிலிருந்து நேராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கிடையாது. ஷட்டர் ஒன்றுதான் வழி.

"மெக்கானிக் பாயா பூட்டினது?"

"பின்ன யாரு? இப்பத்தான் கை கால் கழுவினாரு. சட்டை மாத்தினாரு. தொப்பிய எடுத்துப் பாக்கெட்ல வெச்சாரு. நம்மளப் பார்த்து ஒரு சிரிப்பு கூட சிரிக்கல. இழுத்துச் சாத்திட்டாரு."

"நாம உள்ள இருக்கோம்னு தெரிஞ்சே சாத்தியிருக்காரு. வைத்திலிங்கத்தோட ஷெட்டு. வைத்திலிங்கத்தோட ஆளு. வேறென்ன செய்வாரு?" அவள் பள்ளத்தின் சுவரை ஓங்கிக் குத்தினாள். கை வலித்தது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இசைப்பிரியாவுக்கு இருபத்தேழு வயது. மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, துப்பறியும் நிறுவனம் என்று ஒரு போர்டு. அந்த போர்டைப் பார்த்துப் பல்லைக் காட்டிய அத்தனை பேர் முகமும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஜாகிருக்கு முப்பது. ஏழு வருஷம் டாக்சி ஓட்டியவன். வண்டியை விற்றுவிட்டான், வாயை வைத்துக்கொண்டான்.

கேஸ் சின்னது. அதனால்தான் எல்லோரும் சீக்கிரம் முடிக்கப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, பதினான்காம் தேதி, சாயங்காலம் ஐந்தரை மணி. நிலக்கரிச் சுரங்க நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் பெருக்கிவிட்டு நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சின்னம்மாளை ஒரு வெள்ளை பிக்கப் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அவள் செத்துப்போனாள். பார்த்தவர்கள் நம்பரைக் கவனிக்கவில்லை. கதவில் எழுதியிருந்த காண்ட்ராக்டர் வைத்திலிங்கத்தின் பெயரைக் கவனித்தார்கள்.

வைத்திலிங்கத்திடம் ஒரே மாதிரி இரண்டு பழைய பிக்கப். ஒன்றை அவரே ஓட்டுவார். மற்றதை டிரைவர் கண்ணையன் ஓட்டுவான். போலீஸ் வந்ததும் அவர் நேராக இந்த ஷெட்டுக்குக் கூட்டி வந்தார். "என் வண்டி பதினாலாந் தேதி காலையில இருந்து என்ஜின் இல்லாம கெடக்குது. என்ஜின் இல்லாத வண்டி எப்டி சார் ரோட்டுக்கு வரும்?"

வராது. அப்படியானால் மிச்சம் கண்ணையன்.

இன்றைக்கு மூன்று மணிக்குள் கண்ணையன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், நான்தான் ஓட்டினேன் என்று. போட்டால் லைசென்ஸ் போகும். மைன்ஸ் கேட் பாஸ் போகும். பதினோரு வருஷம் காண்ட்ராக்டில் மாரடித்துக் காத்திருந்த பர்மனென்ட் லிஸ்டிலிருந்து பெயர் போகும். காலையில் அவன் மனைவி வீராயி மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள். "அவரு ஓட்டல மேடம். அந்நேரம் வூட்ல குந்திக்கினு கோழிக்கூண்டுக்குக் கம்பி கட்டிக்கினு இருந்தாரு. ஸ்டேஷன்ல போயி அதச் சொல்லுய்யான்னா வாயத் தொறக்க மாட்டறாரு."

"போன் பண்ணட்டுமா மேடம்?" ஜாகிர் கேட்டான்.

"யாருக்கு?"

"போலீசுக்கு."

"பண்ணு. வைத்திலிங்கம் ஷெட்டுக்குள்ள அவருக்குத் தெரியாம நுழைஞ்சு மாட்டிக்கிட்டோம்னு சொல்லு. சந்தோஷமா வருவாங்க."

ஜாகிர் போனைப் பாக்கெட்டில் போட்டான்.

"சரி, உள்ளதான் இருக்கோம். பார்க்க வேண்டியதைப் பார்த்துடுவோம்," என்றாள். டார்ச்சை மேலே திருப்பினாள். பதினாறு வருஷத்து வண்டி. அடிப்பக்கம் முழுவதும் நிலக்கரித் தூசியும் ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வராது. வெளிச்சம் முன்பக்கம் போனதும் அவள் நிறுத்தினாள்.

"ஜாகிர், இங்க எட்டிப் பாரு. ரேடியேட்டர்."

அவன் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். "மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்குதே! ஸ்டிக்கர் கூட கிழிக்கல."

"ஃபேனும் புதுசு. என்ஜின் மாத்தறதுக்கு ரேடியேட்டரை ஏன் மாத்தணும்?"

"கழட்டுவாங்க. மறுபடி அதையேதான் மாட்டுவாங்க. காண்ட்ராக்டர் டீக்குக் காசு குடுக்கவே ரெண்டு வாட்டி யோசிப்பாரு. அவராவது, சும்மா இருக்கற ரேடியேட்டர மாத்தறதாவது."

அவள் ஏணியைப் பிடித்து மேலே ஏறினாள். திறந்த பானெட்டுக்கு மேல், வேறு வண்டியில் இருந்து வாங்கி வந்த என்ஜின் செயின் பிளாக் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் வண்டிக்குள் வைக்கவில்லை. மூலையில், இரண்டு கட்டைகளின் மேல், கழற்றிய பழைய என்ஜின் உட்கார்ந்திருந்தது.

"இதை ஏன் மாத்தறதா போலீஸ்ல சொன்னாரு?"

"ஆயில் குடிக்குதாம். புகை அடிக்குதாம்."

"ஆயில் குடிக்கிற என்ஜின் எப்படி இருக்கும்?"

"தேஞ்சு லூசா இருக்கும். கிழவன் பல்லு மாதிரி. கையால புல்லிய சுத்தினா கலகலன்னு சுத்தும்." ஜாகிர் பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்து முன்பக்கப் புல்லியின் நட்டில் மாட்டி இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினான். கட்டையோடு சேர்ந்து என்ஜின்தான் நகர்ந்தது.

"சீஸ் ஆயிருக்கு மேடம். உள்ள மொத்தமா இறுகிப்போச்சு."

அவள் டார்ச்சை அருகில் கொண்டு போனாள். மேல் பகுதி முழுவதும் பெயின்ட் கொப்பளித்து, இரும்பு கருநீலம் பாய்ந்திருந்தது.

"தண்ணியே இல்லாம ஓட்டியிருக்கான்," என்றான் ஜாகிர். இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை. "ரேடியேட்டர் உடைஞ்சு, தண்ணி மொத்தமும் கொட்டி, அதுக்கப்புறமும் நிறுத்தாம மிதிச்சிருக்கான். எந்த டிரைவரும் இப்படி ஓட்ட மாட்டான். ஹீட் முள்ளு சிவப்புக்குப் போனதும் நிறுத்திடுவான்."

"நிறுத்த முடியாத காரணம் இருந்தா?"

என்ஜின் இல்லாத வண்டி எப்படி மோதும் என்று வைத்திலிங்கம் கேட்டார். போலீசும் அதையே கேட்டது. கேள்வியே தலைகீழ். மோதியதால்தான் அந்த வண்டிக்கு என்ஜின் இல்லாமல் போனது.

"போதும் மேடம். இதைக் காட்டுனா போதும்."

"போதாது. மோதினாரு, சரி, முந்தின வாரம் ஒரு மரத்துல மோதினேம்பாரு. என்ஜினை இறக்கின தேதி வேணும். பதினாலாந் தேதி காலையில இறக்கினதா போலீசை நம்ப வெச்சது எது?"

ஜாகிர் வாய் திறப்பதற்குள் ஷட்டரைப் படபடவென்று தட்டினார்கள். தகரம் முழுவதும் அதிர்ந்தது.

"பாய்! ஓய் பாய்!"

வைத்திலிங்கத்தின் குரல். இசைப்பிரியா டார்ச்சை அணைத்தாள். ஜாகிர் ஸ்பேனரைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"பக்கத்துக் கடையில சாவி இருக்கா?" வெளியே யாரிடமோ கேட்டார். இல்லை என்று யாரோ சொன்னார்கள். பிறகு போனில் பேசினார். "ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கான். ஒன்னே முக்காலுக்கு வந்துருவான். நீ குட்டியானை வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்து. பழைய என்ஜின் இன்னிக்கே மேல்பட்டாம்பாக்கம் இரும்புக் கடைக்குப் போயிரணும். நாளைக்கு அது துண்டா கெடக்கணும்... நான் இங்கதான் குந்திக்கினு இருக்கேன்."

நாற்காலி இழுபட்டது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நடுவில் ஒரு தகடு.

ஜாகிர் அவள் காதருகில் வந்தான். "நான் ஜும்மாவுக்குப் போயிருக்கணும் மேடம். எங்கம்மா காலையிலயே சொல்லுச்சு. போயிருந்தா இந்நேரம் ஃபேனுக்குக் கீழ இருந்திருப்பேன்."

"மெதுவா."

"இதைவிட மெதுவா பேசினா எனக்கே கேக்காது."

அவள் சுற்றிப் பார்த்தாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. வேலை மேசைக்கு மேல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஐந்து பால் பவுடர் டப்பாக்கள் வரிசையாக நின்றன. கழற்றிய போல்ட், நட்டுகளைப் போட்டு வைக்கும் டப்பாக்கள். மற்ற டப்பாக்கள் எல்லாம் சுவர் அலமாரியில் கன்னாபின்னாவென்று கிடந்தன. இந்த ஐந்து மட்டும் எழுத்து முன்னால் தெரிய நின்றன. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் வண்டியின் பெயர், இறக்கிய தேதி.

"போலீசு பார்த்தது இதைத்தான்," ஜாகிர் கிசுகிசுத்தான். "டப்பா மேல பதினாலு. உள்ள போல்ட்டைச் சுத்தியிருக்கற காலண்டர் தாள்லயும் பதினாலு. இன்ஸ்பெக்டரே போட்டோ எடுத்துக்கிட்டாராம்."

பிக்கப் டப்பாவில் அவள் கையை விட்டாள். கிரீஸ் படிந்த பொட்டலம். தினசரிக் காலண்டர் தாள். அக்டோபர் 14, செவ்வாய். கீழே ராகு காலம், எமகண்டம், இன்றைய பலன்.

"இந்தத் தாள் எங்கிருந்து வருது?"

ஜாகிர் ஷட்டர் பக்கத்துச் சுவரைக் காட்டினான். அங்கே தொங்கிய காலண்டரில் 17 இருந்தது. இன்றைய தேதி.

"பாய் தினம் காலையில கடையத் தொறந்ததும் மொதல்ல அதத்தான் கிழிப்பாரு. தாளைத் தூக்கிப் போட மாட்டாரு. அன்னிக்குக் கழட்டற போல்ட்டை அதுல மடிச்சு வெப்பாரு. நான் டாக்சி ஓட்டறப்ப என் வண்டி போல்ட்டும் அப்படித்தான் கெடந்துச்சு."

இசைப்பிரியா காலண்டரைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். மறுபடி காலண்டரைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் கழட்டினது எது?"

"அந்த ஆட்டோ. டப்பா மேல பதினேழுன்னு எழுதியிருக்கு பாருங்க."

அவள் அதைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். அக்டோபர் 16, வியாழன்.

ஜாகிரின் வாய் திறந்தபடி நின்றது. அவனுக்கு அப்படி ஆவது வருஷத்துக்கு ஒரு முறைதான்.

டிராக்டர் டப்பா: மேலே பதினொன்று, உள்ளே பத்து. வேன் டப்பா: மேலே எட்டு, உள்ளே ஏழு. நான்காவதிலும் அதே கதை.

"காலையில கிழிக்கறது முந்தின நாள் தாளை," என்றாள். "இன்னிக்குத் தாள் சுவத்துல தொங்கும். கைக்கு வராது. பதினாலாந் தேதித் தாள் பாய் கைக்கு வரணும்னா பதினஞ்சாந் தேதி விடியணும்."

"அட! அஞ்சு டப்பாவுல இது ஒன்னுதான் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகுது."

"ஒத்துப்போறதுதான் தப்பு. மேல எழுதியிருக்கற பதினாலைப் பாரு. பாய் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். இது கல்யாண போர்டு மாதிரி இருக்கு. வைத்திலிங்கம் எழுதினது. உள்ள அதே தேதித் தாள்ல மடின்னு அவர்தான் சொல்லியிருப்பாரு. பாயும் மடிச்சுட்டாரு."

"மொதலாளிக்குக் காலண்டர் கிழிக்கறதுக்கு வூட்ல ஆள் இருக்கு. அவருக்கு எப்படித் தெரியும்?" ஜாகிர் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சட்டென்று பல்பைப் பார்த்தான். "மேடம், இந்த பாய் மூத்திரம் பெய்யப் போனாலும் மெயின் ஆஃப் பண்ணிட்டுப் போற ஆளு. இன்னிக்கு லைட்டை விட்டுட்டுப் போயிருக்காரு."

லைட். அதன் கீழே ஐந்து டப்பா. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு யார் வந்து தட்டினாலும் திறக்க முடியாத பூட்டு.

அரை மணி நேரமாக அந்த மனிதரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள். அவர் அவளைப் பூட்டி வைக்கவில்லை. வைத்திலிங்கத்தைத்தான் வெளியே வைத்துப் பூட்டியிருந்தார். வாயால் சொல்ல முடியாத மனுஷன் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

"வீராயிக்குப் போன் போட்டு லைனைக் கட் பண்ணாம வை," என்றாள். "ஸ்டேஷன்ல கண்ணையன் பக்கத்துலயே இருக்கச் சொல்லு."

ஒன்றே முக்காலுக்குப் பூட்டு திறந்தது. ஷட்டர் ஏறியதும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வாசலில் வைத்திலிங்கம், மெக்கானிக் ஹிதாயத்துல்லா, குட்டியானை டிரைவர், இரண்டு சுமைக்காரர்கள்.

வைத்திலிங்கம் உள்ளே பார்த்தார். பாயைப் பார்த்தார். "இது இன்னாய்யா?"

"பூட்டறப்ப பாக்கல மொதலாளி," என்றார் பாய், தரையைப் பார்த்து.

அவரைக் காட்டிக் கொடுக்க இசைப்பிரியாவுக்கு மனசில்லை. "நாங்களா நுழைஞ்சோம். பதினாலாந் தேதித் தாளைப் பார்க்க வந்தோம்." ஐந்து பொட்டலங்களையும் மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுமைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

வைத்திலிங்கம் சிரித்தார். "அன்னிக்குச் சாயங்காலம் கடை சாத்தறப்பவே கிழிச்சிருப்பான். அதுக்கா இவ்ளோ?"

"சரி, சாயங்காலம்னே வெச்சுக்குங்க. கடை சாத்தறது ஏழு மணிக்கு. சின்னம்மாள் விழுந்தது அஞ்சரைக்கு. காலையில கழட்டின போல்ட்டை ராத்திரி வரைக்கும் பாய் கையிலயா வெச்சிருந்தாரு?"

சிரிப்பு நின்றது. "யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

"கையெழுத்துப் போடத் தெரியாதவர் பொண்ணு. உங்களை மாதிரி ஒருத்தர் நீட்டின பேப்பர்ல எங்கப்பா கை நாட்டு வெச்சாரு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் காலேஜ் முடிச்சப்புறம்தான் படிச்சுச் சொன்னேன். அதனால இன்னொருத்தர் கையெழுத்துன்னா எனக்குக் கோபம் வரும்."

"கோபம் வருதா? இரு, ஒனக்கு ஒன்னு கேக்க வெக்கறேன்." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "டேய் கண்ணையா. எங்க இருக்க?"

"ஸ்டேஷன்லதான் மொதலாளி."

"இங்க ஒரு படிச்ச பொண்ணு நிக்குது. அன்னிக்கு வண்டிய ஓட்டினது யாருன்னு அதுக்குச் சொல்லு."

"நான்தான் மொதலாளி."

இசைப்பிரியாவுக்குக் காலுக்குக் கீழே அந்தப் பள்ளம் மறுபடி திறந்தது. "அண்ணே, நான் இசைப்பிரியா. தேதி கிடைச்சிருச்சு. நீங்க கையெழுத்துப் போட வேண்டியதில்லை."

"வுட்டுடுங்க மேடம். பையனுக்கு வேலை போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு. எனக்கு நாப்பத்தெட்டாவுது. என் பேரு லிஸ்ட்ல இருந்தா என்னா, இல்லாட்டி என்னா? அவன் பேரு ஒரு எடத்துல இருக்கட்டும்."

வைத்திலிங்கம் லைனைத் துண்டித்தார். "கேட்டியா? இப்ப ஒன் காலண்டரத் தூக்கிக்கினு கெளம்பு. யோவ், என்ஜினத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. பாய் மட்டும் அசைந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"ஜாகிரு. ஒன் போன்ல யாரு?"

"வீராயக்கா. அரை மணியா லைன்ல இருக்காங்க. என் பேலன்ஸ் அழுவுது பாய்."

"கண்ணையன்கிட்ட குடுக்கச் சொல்லு."

ஜாகிர் ஸ்பீக்கரைப் போட்டு வீராயியிடம் சொன்னான். வைத்திலிங்கம் அந்தப் போனைப் பிடுங்கப் பாய்ந்தார். மூத்த சுமைக்காரர் குறுக்கே வந்து நின்றார். கையை ஓங்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நின்றார், அவ்வளவுதான். "பேசட்டும் மொதலாளி. செத்தது எங்க தெருப் பொம்பள."

"கண்ணையா, நான் ஹிதாயத்துல்லா. பதினஞ்சாந் தேதி காலையிலதான் வண்டி வந்திச்சு. கயிறு கட்டி இழுத்தாந்தாங்க. ரேடியேட்டர் உள்ள போயி ஃபேன்ல மோதியிருந்திச்சு. அதுல சேலைத் துணி சிக்கியிருந்திச்சு. நான்தான் கையால எடுத்தேன். ஒன் வண்டி இல்ல அது. இவரு வண்டி." அவர் குரல் உயரவே இல்லை. "மூணு நாளா அந்தக் கையால சோறு எறங்கல."

தொங்கிய என்ஜினின் சங்கிலி லேசாகக் கிறீச்சிட்டது.

"பாய்..." என்றான் கண்ணையன். "அவரு முன்னாடியா சொல்ற?"

"முன்னாடிதான் நிக்கறாரு."

"ஷெட்டு அவருதாச்சே."

"ஆமா."

"எங்க போவ?"

"தெரியாது. ஆனா நீ கையெழுத்துப் போட்டுட்டின்னா நான் பொய்யன்னு ஆயிடும் கண்ணையா. ஒன் புள்ளைக்கு வேலை வாங்கித் தர எனக்கு வக்கு இல்ல. இத மட்டும்தான் சொல்ல முடியும்."

ஸ்டேஷன் ஃபேன் கறகறவென்று ஓடுவது கேட்டது. யாரோ பேப்பரைப் புரட்டினார்கள். "போடறியா இல்லையா, எனக்கு வேலை இருக்குது," என்று வாக்குமூலம் எழுதும் ரைட்டர் அதட்டினார். வைத்திலிங்கம் நெற்றியைத் துடைத்தார். இசைப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் அவளால் செய்ய எதுவும் இல்லை.

நாற்காலி நகர்ந்தது. கண்ணையன் பேசினான். போனில் அல்ல. போனுக்கு அப்பால், வேறு பக்கம் திரும்பி.

"சார். நான் ஓட்டல சார். அன்னிக்கு அஞ்சரைக்கு நான் எங்க இருந்தேன்னு சொல்றேன். எழுதிக்குங்க."

கடகடவென்று அவன் சொல்ல ஆரம்பித்தான். பதினோரு வருஷத்தில் இவ்வளவு வேகமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. நடுவில் வீராயியின் குரல் குறுக்கிட்டது.

"மெதுவா சொல்லுய்யா. அவரு எழுதிக்கினு இருக்காரு."